நாகர்கோவில் ஏன் வேறு மாதிரி ஓட்டுப் போடுகிறது?

ஈரோட்டிலிருந்து வேலை மாற்றலாகி நாகர்கோவிலுக்கு வந்த ஒருவர் கேட்டிருப்பது இது: "எங்கள் ஊரில் எந்தத் தேர்தல் வந்தாலும் உதயசூரியனா, இரட்டை இலையா என்பதுதான் பேச்சு. இங்கே டீக்கடையில் உட்கார்ந்தால் கையும் தாமரையும்தான் காதில் விழுகின்றன. ஏன் என்று கேட்டால், பாதிப் பேர் கிறிஸ்தவர்கள், பாதிப் பேர் இந்துக்கள், அதான் என்கிறார்கள். அவ்வளவுதானா? அப்புறம், குப்பை அள்ளவில்லை, தண்ணீர் வரவில்லை என்றால் இந்த ஊரில் யாரைப் பார்ப்பது?"

இரண்டாவது கேள்விக்குக் கடைசியில் வருகிறேன்.

முதல் கேள்விக்கு டீக்கடையில் கிடைத்த பதில் பொய்யில்லை. 2011 கணக்கெடுப்புப்படி கன்னியாகுமரி மாவட்டத்தில் இந்துக்கள் 48.65 சதவீதம், கிறிஸ்தவர்கள் 46.85 சதவீதம். ஆனால் அந்தக் கணக்கை வைத்துக்கொண்டு இந்த ஊரின் தேர்தல் முடிவுகளை வரிசையாகப் படித்துப் பாருங்கள், ஒத்துவராது. இதே மக்கள்தான் ஏறக்குறைய நாற்பது ஆண்டுகள் மதம் பார்க்காமல் காங்கிரஸ் குடும்பத்துக்கு ஓட்டுப் போட்டார்கள். இதே மக்கள்தான் 2004-இல் மார்க்சிஸ்ட் கட்சியின் பெல்லார்மினை மக்களவைக்கு அனுப்பினார்கள். மதத்துக்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்வி வேறு: மற்ற தமிழ்நாடு தன் அரசியலைக் கற்றுக்கொண்டிருந்த காலத்தில் இந்த ஊர் எங்கே இருந்தது?

திருவிதாங்கூரில் இருந்தது. 1956 நவம்பர் 1 வரை நாகர்கோவிலுக்குத் தலைநகரம் திருவனந்தபுரம். சென்னையில் நீதிக்கட்சி ஆட்சி, சுயமரியாதை இயக்கம், 1937-38 இந்தி எதிர்ப்பு என்று ஒன்றன் பின் ஒன்றாக நடந்தபோது இங்குள்ளவர்கள் மகாராஜாவையும் திவான் சர் சி.பி. ராமசுவாமி ஐயரையும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஊரைச் சுற்றிப் பார்த்தால் அதன் மிச்சம் இன்னும் கண்ணில் படும். அரசுப் பள்ளியின் பெயர் எஸ்.எல்.பி.; திருவிதாங்கூரை ஆண்ட சேது லட்சுமி பாயின் பெயர் அது. இந்துக் கல்லூரிக்கு முன்னால் இருக்கும் "தெ.தி." என்றால் தென் திருவிதாங்கூர். மணிக்கூண்டு 1893-இல் ஸ்ரீமூலம் திருநாள் மன்னர் காலத்தில் வந்தது.

இங்கே நடந்த சாதிச் சண்டையின் வடிவமும் வேறு. சென்னை மாகாணத்தில் "பிராமணர் அல்லாதார்" என்ற ஒரே குடையின் கீழ் பலரை நிறுத்த முடிந்தது. தென் திருவிதாங்கூரில் அந்தக் குடை விரியாது. இங்கே நிலத்தையும் அதிகாரத்தையும் வைத்திருந்தவர்களில் நாயர்களும் வெள்ளாளர்களும் பெரும்பங்கு. அவர்களிடம் அடிபட்டவர்கள் நாடார்களும், அவர்களுக்கும் கீழே தள்ளப்பட்டிருந்த மற்றவர்களும். அடித்தவரும் பிராமணர் அல்ல, அடிபட்டவரும் பிராமணர் அல்ல. திராவிட இயக்கத்தின் முதல் பாடம் இங்கே ஒட்டாமல் போனதற்கு இதைவிடப் பெரிய காரணம் எனக்குத் தெரியவில்லை.

தோள்சீலைப் போராட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். நாடார் பெண்கள் மார்பை மறைத்து மேலாடை அணியக்கூடாது என்ற கட்டுப்பாட்டை எதிர்த்து 1822-இல் தொடங்கியது, 1820-களின் கடைசியில் மறுபடி வெடித்தது, 1858-59-இல் கலவரமாக முற்றியது. அன்றைய சென்னை ஆளுநர் சார்லஸ் டிரெவெல்யன் தலையிட்டு நெருக்கிய பிறகு 1859 ஜூலை 26-இல் மன்னர் உத்திரம் திருநாள் உத்தரவு போட்டார். அதிலும் உயர்சாதிப் பெண்கள் உடுத்தும் விதத்தில் உடுத்தக்கூடாது என்று ஒரு கொக்கி வைத்துத்தான் கொடுத்தார்.

இந்தப் போராட்டத்தில் அந்த மக்களுக்குப் பின்னால் நின்றது கட்சி அல்ல, லண்டன் மிஷனரி சங்கம். மயிலாடியில் ரிங்கல்தௌபே தொடங்கியதை சார்லஸ் மீட் 1818-இல் நாகர்கோவிலுக்குக் கொண்டுவந்தார். ஆங்கிலேய ரெசிடென்ட் மன்றோவின் ஆதரவில் மீட் கொஞ்ச காலம் இங்கே நீதிபதியாகக்கூட இருந்தார். போதகரே நீதிபதியாகவும் இருந்த ஊரில், வழக்கு என்று வந்தால் ஜனங்கள் எங்கே போய் நிற்பார்கள்? மால்ட் தம்பதி பெண்களுக்குப் படிப்போடு சரிகைப் பின்னலும் கற்றுக்கொடுத்தார்கள். கையில் காசு வந்தது. இன்றைக்கு நீங்கள் பார்க்கும் ஸ்காட் கிறிஸ்தவக் கல்லூரி, டதி பெண்கள் பள்ளி, ஊர்க்காரர்கள் கஸ்பா சபை என்று சொல்லும் ஹோம் சர்ச் எல்லாம் அந்த வேரில் வந்தவை. கத்தோலிக்கர்களுக்குக் கோட்டாறு சவேரியார் கோயில் அதைவிடப் பழைய மையம். 1930-இல் கோட்டாறு தனி மறைமாவட்டமும் ஆனது. டிசம்பர் தொடக்கத்தில் சவேரியார் திருவிழா நடக்கும்போது அந்தப் பக்கம் போய்ப் பாருங்கள். கூட்டத்தில் எல்லா மதத்தாரும் இருப்பார்கள்.

மதம் மாறாதவர்களுக்கு அய்யா வைகுண்டர் இருந்தார். சுவாமிதோப்பில் பிறந்த முத்துக்குட்டி. திருவிதாங்கூர் அரசு பிடித்துப்போய்த் திருவனந்தபுரத்தில் சிறை வைத்தது. சாதி பார்க்காமல் எல்லோரும் தண்ணீர் எடுக்கக் கிணறு, பதி என்ற வழிபாட்டிடத்தில் சிலைக்குப் பதில் கண்ணாடி, ஆண்கள் தலைப்பாகை கட்டிக்கொண்டுதான் உள்ளே வரவேண்டும் என்ற முறை. கீழ்ச்சாதிக்காரன் தலையில் துண்டு கட்டக்கூடாது என்றிருந்த நாட்டில் அந்தத் தலைப்பாகைக்கு என்ன அர்த்தம் என்று விளக்க வேண்டியதில்லை. பெரியார் பிறப்பதற்கு நாற்பது ஆண்டுகளுக்கும் மேல் முன்பிருந்தே நடந்துகொண்டிருந்த வேலை இது.

மற்றச் சாதிகளுக்கும் இதே கதைதான், அளவுதான் வேறு. நாஞ்சில் நாட்டு வெள்ளாளர்களிடம் மருமக்கள்வழி இருந்தது. அப்பன் சொத்து பிள்ளைக்குப் போகாது, சகோதரி மகனுக்குப் போகும். தேரூர்க்காரரான கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளை அதைக் கிண்டல் செய்தே ஒரு நீண்ட பாட்டு எழுதினார். 1926-இல் திருவிதாங்கூர் சட்டம் அந்த முறையை முடித்துவைத்தது. சுசீந்திரம் கோயில் தெருக்களில் எல்லோரும் நடக்கலாம் என்று 1926-இலும் 1930-இலும் சத்தியாகிரகம் நடந்தது. முன்னால் நின்றவர் கோட்டாற்று டாக்டர் எம்.இ. நாயுடு, காந்தியவாதி. கோயில் நுழைவு இங்கே 1936 நவம்பர் 12-இல் மன்னர் அறிக்கையாலேயே வந்துவிட்டது. சென்னை மாகாணத்துக்கு அதற்குப் பிறகு மூன்று ஆண்டுகள் ஆயின.

ஆகவே 1940-களில் கட்சிகள் வந்து எட்டிப் பார்த்தபோது சபை, சமாஜம், பதி, ஜமாத் என்று ஒவ்வொரு நாற்காலியிலும் ஏற்கெனவே ஒருவர் உட்கார்ந்திருந்தார். மற்ற மாவட்டங்களில் கிளைச் செயலாளரிடம் போகும் பஞ்சாயத்துகளில் பாதி இங்கே இன்றும் அவர்களிடம்தான் போகிறது.

சரி, மிச்சமிருந்த ஒரே பெரிய பிரச்சினை மொழி. தமிழ் பேசுகிற தாலுகாக்கள் மலையாள அரசின் கீழ் இருந்தன. அதற்காக 1945 கடைசியில் நாகர்கோவிலில் சாம் நத்தானியேல் போன்றவர்கள் தொடங்கிய அமைப்பு அடுத்த ஆண்டு திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் என்று பெயர் மாற்றிக்கொண்டது. 1947-இல் வழக்கறிஞர் நேசமணி உள்ளே வந்ததும் அது மக்கள் கட்சியாக மாறியது. நேசமணியைப் பற்றி இங்கே எல்லோரும் சொல்லும் ஒரு கதை உண்டு. நாகர்கோவில் நீதிமன்றத்தில் உயர்சாதி வக்கீல்களுக்கு நாற்காலியும் மற்றவர்களுக்கு முக்காலியும் போட்டிருந்தார்களாம். சேர்ந்த புதிதிலேயே நேசமணி முக்காலியை உதைத்துத் தள்ளிவிட்டு, நாற்காலி கொண்டுவந்து போட்டாராம். "மார்ஷல்" பட்டம் சும்மா வரவில்லை.

இந்தக் கட்சி பேரில் காங்கிரஸ், ஆனால் கேரளத்துக் காங்கிரஸை எதிர்த்து நின்ற கட்சி. 1954 திருவிதாங்கூர்-கொச்சி தேர்தலில் 12 இடம் பிடித்தது. வெறும் 19 இடம் வைத்திருந்த பிரஜா சோஷலிஸ்டுகள் காங்கிரஸ் ஆதரவோடு ஆட்சி அமைத்தார்கள். பட்டம் தாணுப்பிள்ளை முதல்வர். அந்த ஆட்சியில்தான் 1954 ஆகஸ்ட் 11 வந்தது. மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் ஊர்வலம் போனவர்கள் மீது போலீஸ் சுட்டது, பலர் செத்தார்கள். தன் கட்சி ஆட்சியே சுட்டுவிட்டது என்று ராம்மனோகர் லோகியா தாணுப்பிள்ளையைப் பதவி விலகச் சொன்னார். அவர் விலகவில்லை. சோஷலிஸ்ட் கட்சிக்குள் அது பெரிய பிளவானது. இரண்டு ஆண்டு கழித்து தோவாளை, அகஸ்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு தாலுகாக்கள் சேர்ந்து கன்னியாகுமரி மாவட்டம் ஆயின. செங்கோட்டை திருநெல்வேலியோடு போனது. தேவிகுளம், பீருமேடு, நெய்யாற்றின்கரை கிடைக்கவில்லை. அந்த வருத்தம் பழைய ஆட்களிடம் இன்னும் இருக்கிறது.

இணைந்த கையோடு திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் பெரிய காங்கிரஸில் கரைந்தது. இதுதான் உங்கள் கேள்விக்கு நேரான விடை. தமிழுக்காகப் போராடிச் செத்தவர்களின் கட்சி என்ற பெயரை மற்ற மாவட்டங்களில் தி.மு.க. சம்பாதித்தது. இங்கே அந்தப் பெயர் காங்கிரஸ் பக்கம் போய்விட்டது. 1967-இல் மாநிலமே தி.மு.க.வுக்குத் திரும்பியபோது 39 மக்களவைத் தொகுதிகளில் காங்கிரஸுக்குக் கிடைத்தது மூன்று. அதில் ஒன்று நாகர்கோவிலில் நேசமணி வென்றது. அதே சமயம் நடந்த சட்டமன்றத் தேர்தலில் சொந்த ஊரான விருதுநகரில் தோற்ற காமராஜரை, நேசமணி மறைந்தபின் 1969 இடைத்தேர்தலில் ஒரு லட்சத்துக்கு மேல் வித்தியாசத்தில் ஜெயிக்க வைத்தது இந்தத் தொகுதி. 1971-இல் தமிழ்நாட்டில் பழைய காங்கிரஸுக்கு (1969 பிளவில் காமராஜர் இருந்த பக்கம்) கிடைத்த ஒரே மக்களவை இடமும் இதுதான். பிறகு குமரி அனந்தன், டென்னிஸ் என்று 1998 வரை அந்தக் குடும்பத்தின் ஏதாவது ஒரு கிளைதான். டென்னிஸ் கடைசியாக வென்ற இருமுறை தமிழ் மாநில காங்கிரஸில் நின்றார்.

இதற்காக இது திராவிட இயக்கம் படாத மண் என்று நினைத்துவிடாதீர்கள். கலைவாணர் என்.எஸ். கிருஷ்ணன் இந்த ஊர் ஒழுகினசேரிக்காரர். தி.மு.க.வின் பெரிய பேச்சாளரான நாஞ்சில் மனோகரன் பெயரிலேயே ஊரை வைத்திருந்தார். ஆனால் மக்களவைக்கு அவர் சென்னையிலிருந்துதான் போனார். அதுவே ஒரு செய்தி. கம்யூனிஸ்ட் ஜீவா பக்கத்துப் பூதப்பாண்டி.

இனி தாமரை. அதன் வேர் 1982-இல் என்று பலரும் சொல்வார்கள், நானும் ஏறக்குறைய அதைத்தான் சொல்வேன். அதற்கு முன்பே விவேகானந்தர் பாறை நினைவு மண்டபப் பணியைச் சுற்றி அமைப்பு வேலை நடந்திருந்தது. மண்டபம் 1970-இல் திறக்கப்பட்டது. 1982 மார்ச் 1-இல், மண்டைக்காடு பகவதி அம்மன் கோயில் மாசிக் கொடை சமயத்தில், கோயிலுக்கு வந்தவர்களுக்கும் கடற்கரைக் கிராமத்தாருக்கும் இடையே மூண்ட மோதல் துப்பாக்கிச் சூட்டில் முடிந்தது. அது பரவி உயிர்களும் வீடுகளும் படகுகளும் போயின. எம்.ஜி.ஆர். அரசு நீதிபதி வேணுகோபால் ஆணையத்தை அமைத்தது. அந்த ஆண்டோடு இங்குள்ளவர்கள் பக்கத்து வீட்டுக்காரரைப் பார்க்கும் பார்வை மாறியது.

இதை ஒரே மனிதரின் வாழ்க்கையில் பார்க்கலாம். தாணுலிங்க நாடார் எல்லைப் போராட்டத்தில் நின்றவர். 1957-இல் காங்கிரஸ் சார்பில் நாகர்கோவில் எம்.பி. ஆனார். எண்பதுகளில் அவர்தான் இந்து முன்னணித் தலைவர். போராட்டத்தின் சொத்து முழுவதும் காங்கிரஸிடம் நிற்கவில்லை, ஒரு பங்கு இந்தப் பக்கமும் வந்தது. தமிழ்நாட்டின் முதல் பா.ஜ.க. எம்.எல்.ஏ. வேலாயுதம் 1996-இல் பத்மநாபபுரத்தில் ஜெயித்ததும், 1999-இல் பொன். ராதாகிருஷ்ணன் எம்.பி. ஆனதும் அதன் தொடர்ச்சி. 2014-இல் அ.தி.மு.க. 37 தொகுதிகளை அள்ளியபோது இங்கே பா.ஜ.க. முதலிடம், தனியாக நின்ற காங்கிரஸ் இரண்டாமிடம், அ.தி.மு.க. மூன்றாமிடம், தி.மு.க. நான்காமிடம். மாநிலத்தின் தரவரிசையைத் தலைகீழாகத் திருப்பிய முடிவு அது.

அதே சமயம் மதக்கணக்கு மட்டுமே ஓடுகிறது என்றால் 2019-ஐ விளக்க முடியாது. 2017 நவம்பர் கடைசியில் ஒக்கிப் புயலில் கடலுக்குப் போனவர்கள் திரும்பவில்லை. தேடுதலில் அரசு சுணங்கியது என்ற கோபத்தில் குழித்துறையில் ரயிலை மறித்தார்கள். இனயம் துறைமுகத் திட்டத்தின் மீதான எதிர்ப்பு ஏற்கெனவே புகைந்துகொண்டிருந்தது. 2019-இல் காங்கிரஸின் வசந்தகுமார் எம்.பி. ஆனதில் இரண்டுக்கும் பங்குண்டு. சட்டமன்றத்தில் கணக்கு இன்னும் சிதறும். 2021-இல் ஆறு தொகுதிகளில் காங்கிரஸ் மூன்று, பா.ஜ.க., தி.மு.க., அ.தி.மு.க. தலா ஒன்று. நாகர்கோவிலே 2011-இல் அ.தி.மு.க.வுக்கும் 2016-இல் தி.மு.க.வுக்கும் 2021-இல் பா.ஜ.க.வின் எம்.ஆர். காந்திக்கும் போட்டது. நீங்கள் டீக்கடையில் கேட்டது எம்.பி. தேர்தல் பேச்சு. எம்.எல்.ஏ. தேர்தல் பேச்சில் சூரியனும் இலையும் தாராளமாக இருக்கும்.

மாநகராட்சிக்குள் போனால் இன்னொரு விதம். நகராட்சித் தலைவராக 2011-இல் மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுத்தது பா.ஜ.க.வின் மீனாதேவை. 2016-இல் அந்த மன்றத்தின் காலம் முடிந்தது, தேர்தல் நடக்கவில்லை. 2019-இல் ஓசூரோடு சேர்த்து நாகர்கோவிலை மாநகராட்சி ஆக்கினார்கள். அப்போது ஊருக்குக் கவுன்சிலரே கிடையாது. பெயர்ப்பலகை மாறியது, கேள்வி கேட்க ஆள் இல்லை. 2022 பிப்ரவரியில்தான் 52 வார்டுகளுக்கும் தேர்தல் வந்தது. பா.ஜ.க. தமிழ்நாட்டு மாநகராட்சிகளில் மொத்தமாகப் பிடித்த 22 வார்டுகளில் 11 இங்கே. மேயரைக் கவுன்சிலர்களே தேர்ந்தெடுக்கும் முறை. மார்ச் 4 அன்று, அதாவது அய்யா வைகுண்டர் அவதார தினத்தில், தி.மு.க.வின் மகேஷ் 28, மீனாதேவ் 24. பதினொரு பேரை வைத்துக்கொண்டு 24 வாங்கினார் என்றால் எத்தனை கை கட்சி எல்லையைத் தாண்டியது என்று நீங்களே போட்டுப் பாருங்கள். அ.தி.மு.க.வினர் வாக்கு சேர்ந்தாலும் கணக்கு இடிக்கும்.

இப்போது இரண்டாவது கேள்வி. இங்கே மாநகராட்சியின் தலைவலிகள் எல்லாக் கட்சிக்கும் பொது. குடிநீருக்கு நெடுங்காலமாக முக்கடல் அணை ஒன்றுதான், 25 அடி. கோடையில் "மைனஸ்" அடிக்குப் போய்விட்டது என்று பேப்பரில் போட்டால், தெருவுக்கு எத்தனை நாளைக்கொருமுறை தண்ணீர் என்ற பேச்சு தொடங்கிவிட்டது என்று அர்த்தம். அதற்காகத்தான் புத்தன் அணையிலிருந்து குழாய் போட்டார்கள். பாதாளச் சாக்கடைக்காகத் தோண்டிய ரோடுகள் ஆண்டுக்கணக்கில் ஊரைப் படுத்தியெடுத்தன. வலம்புரிவிளைக் குப்பைக் கிடங்கு அடிக்கடி தீப்பிடிக்கும். சுற்றியிருக்கும் ஜனங்களுக்குப் புகையோடுதான் வாழ்க்கை. ரயில் பிரச்சினை என்றால் மாநகராட்சியிலும் மாநில அரசிடமும் கேட்டுப் பயனில்லை. நாகர்கோவில் சந்திப்பு இன்றும் திருவனந்தபுரம் கோட்டத்தில் இருக்கிறது; மதுரைக் கோட்டத்தோடு சேர் என்பது இங்கே பழைய கோரிக்கை. 1956 ரயில்வேக்கு இன்னும் எட்டவில்லை போல.

குப்பைக்கும் தண்ணீருக்கும் முதலில் உங்கள் வார்டு கவுன்சிலரைப் பாருங்கள். எந்தக் கட்சி என்று பார்க்க வேண்டாம். 52 வார்டு ஊரில் ஒரு வார்டு சிறியது, அடுத்த தேர்தலில் நூறு ஓட்டு ஆளை மாற்றிவிடும், அதனால் வீட்டுக்கே வருவார்கள். மனுவை எழுத்தில் கொடுத்து, வாங்கிக்கொண்டதற்கு ரசீதோ சீலோ வாங்கிக்கொள்ளுங்கள். அதற்கு அசைவில்லை என்றால் திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலக மனுநாள். ஆண்டுக்கு ஒருமுறையாவது ஏரியா சபையில், அதாவது வார்டு மக்கள் கூடிக் குறை சொல்லும் கூட்டத்தில், போய் உட்காருங்கள். நவம்பர் 1 உள்ளாட்சி தினம் என்று 2022-இல் அறிவித்து, அன்று அந்தச் சபையைக் கூட்டினார்கள். குமரி இணைந்த நாளும் அதுவே என்பதால் அன்று ஊர்ப் பிரமுகர்கள் பலர் காலையில் நேசமணிக்கு மாலை போடப் போயிருப்பார்கள், கூட்டம் எத்தனை மணிக்கு என்று முன்னாடியே கேட்டுவையுங்கள்.

வீட்டுவரி பற்றிக் கேட்கவில்லை, ஆனாலும் சொல்லிவிடுகிறேன். 2022 ஏப்ரலில் மாநிலம் முழுக்க ஏற்றினார்கள். இங்கே குடியிருப்புகளுக்கு வீட்டின் பரப்பைப் பொறுத்து 25 முதல் 100 சதவீதம் வரை. 600 சதுர அடிக்குள் என்றால் 25, அதற்கு மேல் 1,200 வரை 50. வாடகைக்கு வீடு பார்க்கும்போது வீட்டுக்காரர் "வரி ஏறிவிட்டது" என்று வாடகையை எவ்வளவு ஏற்றினார் என்பதை இதோடு ஒப்பிட்டுக்கொள்ளலாம். வீடு வடசேரிப் பக்கம் கிடைத்தால் கனகமூலம் சந்தை, கோட்டாறு பக்கம் கிடைத்தால் கம்பளம் சந்தை. அரசியல் பேச்சு கேட்க வேண்டுமென்றால் இரண்டுமே டீக்கடையைவிட நல்ல இடங்கள், காலையில் போக வேண்டும்.